வேடனின் தராசு

கொல்லும் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் அறம் என்று ஒன்று உண்டா? இவ்வினா சிலருக்கு நகைப்பைத் தரலாம். கொலையே தீது என்றான பின், அதற்குரிய கருவியில் அறத்தைத் தேடுவது பதரைக் குற்றி அரிசி தேடுவதற்கு ஒப்பாகும் என அவர்கள் கூறக்கூடும். திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக்குச் செல்லும் வீதியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் சாம்பல்தீவில் வளர்ந்த எனக்கு இது வெறும் தர்க்கவாதிகளின் வினாவாகத் தோன்றுவதில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில், ஒரு தட்டார் தராசின் இரு தட்டுகளுக்கும் நடுவே, சிறுவயதிலேயே இதை நான் கண்டிருக்கின்றேன்.

என் தகப்பனாரின் தமையனாரை நாங்கள் பெரியையா என்று அழைப்போம். பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை 1957ஆம் ஆண்டில் இலங்கை அரசிடம் கையளித்துச் செல்லும்வரை அங்கே பட்டறை வேலை செய்தவர். அதன்பின் கன்னியாப் பக்கத்தில் இருந்த சிறு வயலே அவருக்குச் சீவனோபாயம். அவரிடம் உரிமம் பெற்ற ஒரு 12 போர் துவக்கு இருந்தது. ('போர்' என்னும் இவ்வாங்கிலச் சொல் குழலின் துளையைக் குறிப்பது. ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு எவ்வளவு விட்டமோ அவ்வளவு துளை. நமது நாட்டில் அச்சொல் தமிழ்ப் பொருளையும் சேர்த்துக்கொண்டு ஒலிக்கத் தொடங்கியது பிற்காலத்துக் கதை.) கடையில் தோட்டா வாங்கக் காசு போதாத மாதங்களில் அவர் வெடித்த தோட்டாக்களின் கோதுகளை எடுத்து வைத்துக்கொண்டு தாமே நிரப்புவார். மருந்தை அவர் தட்டார் தராசில் நிறுப்பதைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு வேடிக்கை. மூச்சு விட்டால் தட்டு அசையும் என்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள், "இவ்வளவு நுணுக்கம் ஏன், பெரியையா? பன்றிக்குத் தானே?" என்று கேட்டேன்.

"மருந்து கூடினால் துவக்குக்குக் கேடு. குறைஞ்சால் மிருகத்துக்குக் கேடு. ரெண்டும் எங்கட பிழைதான், தம்பி" என்றார்.

முதல் வாக்கியம் எவருக்கும் விளங்கும். அளவு மிஞ்சினால் குழல் வெடித்துச் சுடுபவனின் கையோ கண்ணோ போய்விடும். இரண்டாவது வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்க நெடுங்காலம் சென்றது. குறைந்த மருந்து மிருகத்துக்கு நன்மையல்லவா, அது தப்பிவிடுமே என்று அப்போது எண்ணினேன்.

தோட்டா நிரப்பும் தொழிலைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். கோது, அதன் அடியில் பொருந்தும் கேப்பு, உள்ளே மருந்து, முகப்பில் சன்னம் ஆகிய நான்கும் சேர்ந்ததே றைபிள் தோட்டா. துவக்குத் தோட்டாவாயின் சன்னத்துக்குப் பதிலாக ஈய உருண்டைகளும், மருந்துக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு தக்கையும் இருக்கும். வெடித்ததும் மருந்து புகையாகின்றது, சன்னம் பறந்துவிடுகின்றது, கேப்பு நசுங்கிப் பயனற்றுப்போகின்றது. மீள்வது பித்தளைக் கோது ஒன்றே. விலைமிக்க பொருளும் அதுவே. வெடியின் அமுக்கத்தால் அது விரிந்து அறைச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னே கசியாமல் காத்து, பின்னர் சற்றே சுருங்கி வெளியே வருகின்றது. அதனை எஃகு அச்சொன்றினுள் அழுத்திப் பழைய உருவுக்குக் கொணர்ந்து, புதிய கேப்பும் மருந்தும் சன்னமும் இட்டால் அது மீண்டும் உயிர்பெறும். உயிர்பெறும் என்பது இவ்விடத்தில் பொருத்தமற்ற சொல்தான். ஆயினும் வேட்டைக்காரர் அவ்வாறே கருதுகின்றனர்.

வறியவன் காசை மீதப்படுத்தச் செய்த இத்தொழில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வசதி படைத்தோரின் நுண்கலையாக வளர்ந்துவிட்டது. அங்கே மருந்தை நிறுக்கும் அலகுக்குக் கிரெயின் என்று பெயர். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஓர் இறாத்தல். கிரெயினில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அக்கலைஞர்களுக்கு உறக்கம் வராது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் உருவான இரண்டு றைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரேவிதமாக ஏற்பதில்லை. வெடிக்கும்போது குழல் அதிர்கின்றது. அவ்வதிர்வின் எக்கணத்தில் சன்னம் வாயை விட்டு நீங்குகின்றதோ அதனைப் பொறுத்துக் குறி விலகுகின்றது. ஆகவே தன் றைபிளுக்கு உகந்த அளவைத் தானே கண்டறிந்து நிரப்புபவன் கடைத் தோட்டாவை நம்புபவனைவிடச் செம்மையாகச் சுட முடியும். றைபிளைத் தேர்வதிலும் இத்தகைய வாதங்கள் பல. பெருஞ்சன்னம் வேண்டும் என்பார் ஒரு சாரார். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் அவற்றுள் பெரும்பாலானவற்றை மான் வேட்டைக்குரிய சிறு சன்னத்தாலேயே வீழ்த்தினார். மூளையின் இருப்பிடம் அவருக்குத் தெரிந்திருந்தது. சன்னத்தின் பருமனிலும் பார்க்க அது சென்று சேரும் இடமே முக்கியம் என்பதற்கு மறுசாரார் அவரைச் சான்று காட்டுவர்.

இவ்வாதங்கள் அனைத்துக்கும் அடியில் ஓர் அறக்கோட்பாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மிருகம் ஒரே வெடியில், வலியை அறியுமுன் சாகவேண்டும் என்பதே அது. குறைந்த வேகத்தோடு செல்லும் சன்னம் தோலைக் கிழிக்கும், எலும்பில் சிக்கும், குடலைத் துளைக்கும். மிருகம் ஓடிவிடும். ஓடியது தப்பியது ஆகாது. பற்றைக்குள் கிடந்து நாட்கணக்கில் புழுத்துச் சாகும். பெரியையாவின் இரண்டாவது வாக்கியத்தின் பொருள் இதுவே. யானையைக் குறிவைத்துத் தவறிய வேலைப் போற்றும் வீரமரபு நமக்கு உண்டு. அவ்வேல் எங்கே தைத்தது, அந்த யானை பின்னர் என்னவாயிற்று என்று அம்மரபு கேட்டதில்லை. வன்பரணர் புறநானூற்றில் பாடிய வல்வில் ஓரியின் அம்போ யானை, புலி, மான், பன்றி ஆகிய நான்கையும் ஊடுருவிக் கடைசியில் ஓர் உடும்பில் போய்த் தங்கியதாம். இன்றைய வேட்டைக்காரன் ஒருவனிடம் இதனைச் சொன்னால் அவன் வியக்கமாட்டான், முகம் சுளிப்பான். ஒரு மிருகத்தின் உடலுக்குள்ளேயே நின்று தன் வேகம் முழுவதையும் அங்கே செலவிடும் சன்னமே அவன் நூலில் நல்ல சன்னம்.

இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தைக் காண்கின்றோம். உடலுக்குள் சென்றதும் மலர்ந்து விரியும் சன்னத்தைக் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் பிரித்தானியர் உருவாக்கினர். வடமேற்கு எல்லையில் மலைவாழ் மக்களின் மேல் அது பயன்பட்டது. 1899ஆம் ஆண்டு ஹேக் நகரில் கூடிய நாடுகள், அத்தகைய சன்னம் போருக்கு ஆகாது, மிகையான துன்பம் தருவது என்று பிரகடனம் செய்தன. பிரித்தானியப் பிரதிநிதி அதனை எதிர்த்து வாதாடினார்: நாகரிகமடைந்த போர்வீரன் சிறு காயம் பட்டாலும் ஒதுங்கிக்கொள்வான், காட்டுமிராண்டியோ பாய்ந்துகொண்டே வருவான் என்பது அவருடைய நியாயம். ஏகாதிபத்தியத்தின் மனச்சாட்சியை இதைவிடத் தெளிவாக எவரும் எடுத்துரைத்ததில்லை. பிரித்தானியா அப்பிரகடனத்தை ஏற்றது 1907இல்தான். ஆனால் போரில் கொடுமை என விலக்கப்பட்ட அதே விரியும் சன்னத்தையே வேட்டையில் கருணை என்று விதந்துரைக்கின்றனர். இதில் முரண் இருப்பதாகத் தோன்றும், உண்மையில் இல்லை. போரில் எதிரியைச் செயலற்றவனாக்கினால் போதும், அவன் பிழைத்து வீடு திரும்பலாம் என்பது நியதி. வேட்டையில் பிழைத்துப்போகும் மிருகத்துக்கு மருத்துவமனை இல்லை. ஆகையால் கருவியின் நன்மை தீமை கருவியிலேயே இருப்பதில்லை. அது எவரை நோக்கித் திரும்பியிருக்கின்றது, எதற்காகத் திரும்பியிருக்கின்றது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இந்த எடையைப் போடாமல் தராசை மட்டும் துல்லியமாக வைத்திருந்தவர்களின் வரலாறும் நமது நாட்டிலேயே உண்டு. 1840களின் பிற்பகுதியிலும் 1850களின் முற்பகுதியிலும் இலங்கையில் வாழ்ந்து மின்னேரியா முதலிய இடங்களில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், தம் றைபிளின் இலக்கணத்தை ஒரு காதலனின் பரவசத்தோடு எழுதிவைத்திருக்கின்றார். பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்னும் கொல்லரிடம் சொல்லிச் செய்வித்தது. 21 இறாத்தல் நிறை. ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் மருந்து. மருந்தின் அளவு, ஈயத்தின் கடினம், குழலின் முறுக்கு எல்லாவற்றையும் அவர் ஆராய்ந்தார். அந்த யானையை ஏன் கொல்ல வேண்டும் என்பதை மட்டும் ஆராயவில்லை. பதுளைப் பகுதியில் அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று எமர்சன் ரெனன்ற் எழுதுகின்றார். 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் இடி விழுந்து றொஜர்ஸ் மாண்டார். அதனைத் தெய்வத் தீர்ப்பென்று கொண்டாடியவர்களும் உண்டு, அந்த வழிக்கு நாம் போகவேண்டியதில்லை. கருதவேண்டியது வேறொன்று. அது தனி மனிதர்களின் வெறி மட்டுமன்று, அரசின் கொள்கை. யானைத் தலைக்கு அரசு பணம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகளும், 1851 முதல் 1856 வரையில் தென்மாகாணத்தில் 2,000 யானைகளும் இவ்வாறு கொல்லப்பட்டன என்பதும் ரெனன்ற் தரும் கணக்கே.

எங்கள் கரையிலிருந்து பார்த்தால் நிலாவெளிக்கு அப்பால் புறாமலை தெரியும். மலைப்புறாக்கள் கூடுகட்டும் அச்சிறு தீவைக் காலனித்துவக் காலத்தில் சுடுபயிற்சிக்குரிய இலக்காக வைத்திருந்தார்கள். 1963இல் அது சரணாலயமாயிற்று, 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. குறி பார்த்துப் பழகுவதற்குப் புறாக்களின் தீவே வாய்த்தது!

காட்டில் மிருகம் அருகத் தொடங்கியதும் சட்டங்கள் வந்தன. வேட்டை மிருகங்களைக் காக்கும் சங்கம் 1894இல் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியர்களுமே. அவர்களுடைய முயற்சியால் காடுகள் சில எஞ்சின; அதற்கு நாம் நன்றி சொல்லவே வேண்டும். ஆனால் யாலைக் காட்டில் ஒரு பகுதி விளையாட்டுக்கு வேட்டையாடும் கனவான்களுக்கென்று ஒதுக்கப்பட்டதையும் மறக்கலாகாது. உணவுக்காகக் கொன்றவன் கள்ள வேட்டைக்காரன். கொம்புக்காகவும் படத்துக்காகவும் கொன்றவன் வேட்டைப் பிரியன். மதுறுஓயாத் தேசியப் பூங்கா 1983இல் பிரகடனப்படுத்தப்பட்டபோது தம்பானை வேடர் தம் பாட்டன் காட்டிலேயே அத்துமீறியவர்களானார்கள். வாகரையிலிருந்து மூதூர்க் கிழக்கு வரை வாழும் தமிழ் பேசும் கரையோர வேடர், வேட்டையை விட்டு மீனுக்கும் சேனைக்கும் மாறி நெடுநாளாயிற்று.

துவக்கின் கதையும் இதற்கு வேறுபட்டதன்று. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் பெறும் கடமையை இந்தியர்மீது சுமத்தி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. பின்னர், கலகக்காரர் கையில் பட்டாளத்துத் தோட்டா பயன்படக்கூடும் என்னும் அச்சத்தால் .450 துளையுள்ள றைபிள்களை இந்தியாவுக்குக் கொண்டுவருவதையே தடுத்தார்கள். இலண்டன் துவக்குக் கொல்லர் உடனே .465, .470 என்று புதிய துளைகளை வகுத்து மகாராசாக்களுக்கும் துரைமாருக்கும் விற்றார்கள். இன்றும் இந்தியாவில் அரசு ஆலை பொதுமக்களுக்குச் செய்து விற்கும் றைபிள் .315 துளையினது, பட்டாளத்தின்.303 பொதுமக்கள் கைக்குச் செல்லலாகாது என்ற பழைய விதியின் எச்சம் அது. வேட்டை நூல்கள் இந்தத் துளைகளின் தராதரத்தை விஞ்ஞானம் போல ஆராய்கின்றன. எந்த மிருகத்துக்கு எந்தத் துளை என்ற அட்டவணையின் பின்னே, எந்த மனிதனுக்கு எந்தத் துளை என்ற இன்னோர் அட்டவணை ஒளிந்திருக்கின்றது.

நிற்க. ஒரே வெடியில் கொல்லும் அறத்தை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கின்றது. நல்ல றைபிள், தொலைநோக்கி, நுண்தராசு, பயிற்சிக்கென வீணாக்கச் சில நூறு தோட்டாக்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு: இவையெல்லாம் உள்ளவன் கருணையோடு கொல்லலாம். இல்லாதவன் கையில் இருப்பது இடியன் துவக்கு. கிராமத்துக் கொல்லன் ஏதோ ஒரு குழாயைக் கொண்டு செய்து கொடுத்தது. வாயால் மருந்திட்டு இடிப்பதால் இடியன். அதில் அளவும் இல்லை, குறியும் இல்லை. சில வேளை முன்னே வெடிக்கும், சில வேளை பின்னே வெடிக்கும். அதனால் அடிபட்ட மானும் மரையும் எவ்வாறு சாகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. வசதி படைத்தவன் இதனைக் காட்டி, "பாமரனின் கொடுமையைப் பாருங்கள்" என்கின்றான். கொடுமைதான். ஆனால் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டப்படி உரிமம் பெற்று, ஆண்டுதோறும் புதுப்பித்து, தோட்டாவும் வாங்கக்கூடியவன் இடியனை ஏன் தேடுகிறான்?

இதுவரையில் என்னுடைய முற்போக்கு நண்பர்கள் என்னோடு உடன்படுவார்கள். இதற்குமேல் சிலர் உடன்படமாட்டார்கள். வறுமை எல்லாவற்றையும் விளக்கிவிடுகின்றது, ஆகவே எல்லாவற்றையும் மன்னித்துவிடுகின்றது என்று எண்ணுவது எனக்கு இயலவில்லை.

காட்டோர ஊர்களில் கட்டுத்துவக்கு என்று ஒன்று உண்டு. மிருகம் நடக்கும் தடத்தின் ஓரமாக இடியனை மரத்தில் கட்டி, விசையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியைத் தடத்துக்குக் குறுக்கே இழுத்துவிடுவார்கள். பன்றி வந்து கம்பியில் பட்டால் வெடி. கட்டியவன் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பான். பன்றியின் நெஞ்சுக்கென்று வைத்த உயரம் மனிதனுக்கு முழங்கால் அளவு. விறகுக்கும் தேனுக்கும் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள் கால் இழந்த கதை வன்னியிலும் அநுராதபுரத்திலும் திருகோணமலையிலும் ஏராளம். இதனிலும் கொடியது சிங்களத்தில் 'ஹக்க பட்டாஸ்' எனப்படும் வாய்வெடி. பூசணிக்காய் போன்ற தீனிக்குள் வெடியை மறைத்துப் பன்றிக்கு வைப்பார்கள். அதனை யானைக்கன்று கடிக்கும். தாடையும் நாவும் சிதறும். கன்று அப்போதே சாவதில்லை. பசியோடு, தண்ணீருக்கு நடுவே நின்றும் குடிக்க இயலாமல், நாட்களும் வாரங்களும் நின்று சாகும். 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் 100க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். யானைகளின் சாவுக்கு முக்கிய காரணங்களுள் துவக்கும் வாய்வெடியும் அடங்கும்.

இம்மனிதரின் கணக்கையும் நான் மறைக்கவில்லை. சோளம் கதிர்விடும் மாதத்தில் கந்தளாயிலோ சேருவிலயிலோ மரத்துப் பரணில் இரவு முழுதும் விழித்திருந்து, தகரம் தட்டித் தொண்டை கட்டி, விடியும்போது பாதிப் பயிர் மிதிபட்டுக் கிடப்பதைக் காணும் குடியானவனிடம் சென்று கருணை போதிப்பது எளிது. யானையின் பழைய வழித்தடங்களில் குடியேற்றங்களை வகுத்தவன் அவனல்லன். வங்கிக் கடனின் தவணை யானைக்காகக் காத்திருப்பதில்லை. ஆயினும், வாய்வெடியைக் கடித்த கன்றின் வலி, அதை வைத்தவனின் வறுமையால் ஓர் அணுவளவேனும் குறைவதில்லை. காரணத்தை விளக்குவது ஒன்று, வலியை இல்லையென்பது வேறு.

இடியனுக்கும் கட்டுத்துவக்குக்கும் குழல் ஒன்றே, மருந்து ஒன்றே. ஆனால் இடியனின் பின்னே ஒரு கண் இருக்கின்றது. வருவது பன்றியா, பசுமாடா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று பார்க்கவும், விரலை எடுக்கவும் அந்தக் கண்ணால் முடியும். கட்டுத்துவக்கில் மனிதன் தன்னையே நீக்கிக்கொள்கின்றான். தன்னால் நிகழும் சாவுக்கு அவன் சாட்சிகூட இல்லை. 1983 முதல் 2009 வரை இந்நாட்டை எரித்த போரில் நாம் இதனை மனித அளவிலும் கண்டோம். மிதிவெடி என்பது மனிதருக்குக் கட்டிய கட்டுத்துவக்கே. புதைத்தவன் இறந்த பின்னும், அவன் கட்சி தோற்ற பின்னும், போரே முடிந்த பின்னும் அது காலுக்காகக் காத்திருந்தது. தன் இரை யாரென்று அறியாத ஆயுதம் மனிதருக்கு ஆகாது என்று 1997இல் ஒட்டாவா உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கை அதில் சேர்ந்தது 2017 டிசம்பரில். வடக்கிலும் கிழக்கிலும் அதற்குள் எத்தனை கால்கள்! காட்டில் நாம் பழகிக்கொண்ட ஒன்றைத்தான் மனிதர்மேலும் செய்தோம் என்று கூறினால் அது மிகையாகலாம். ஆனால் விசைக்கும் விரலுக்கும் உள்ள உறவை அறுத்துவிடும் பழக்கம் இரண்டிலும் ஒன்றே.

வேறொரு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும். கொல்லாமையை வாழ்வாகக் கொண்டவர்கள், "உங்கள் பெரியையாவின் தராசும் பேக்கரின் தராசும் எங்களுக்கு ஒன்றே" என்பர். அவர்களை நான் மதிக்கின்றேன்; என் தாயாரும் அவர்களுள் ஒருவர், பெரியையா கொணர்ந்த இறைச்சி எங்கள் அடுக்களைக்குள் நுழைந்ததில்லை. ஆனால் அந்த அடுக்களையில் வெந்த சோறு கன்னியா வயலில் விளைந்தது. அவ்வயலின் வரம்பில் இரவில் ஒருவர் துவக்கோடு இருந்தார். பன்றிக்கூட்டம் புகுந்த வயலில் மறுநாள் அறுவடைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை என்பது உழுதவர்க்குத் தெரியும். மரக்கறிச் சோற்றுக்கும் எங்கோ ஒரு துவக்குக் காவல் இருந்திருக்கின்றது. அதனை நாம் கேட்காத தூரத்தில் இருந்தோம் என்பதே வேறுபாடு. இறைச்சி உண்ணாததனால் மட்டும் அந்த வெடிச்சத்தத்திலிருந்து எவரும் விடுதலை பெற்றுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மின்வேலியும் காவலும் அரசு ஒழுங்காக அமைத்துக் கொடுத்தால், பயிரழிவுக்கு உரிய காலத்தில் நட்டஈடு கிடைத்தால், அத்துவக்கின் தேவை பெரிதும் குறையும். அது வேண்டுமென்று கேட்பதும் கொல்லாமையின் கடமைதான். அந்தக் கோரிக்கையைக் கொல்லாமை பேசுவோர் எழுப்பக் கேட்டதில்லை.

திருகோணமலைக் கோட்டையினுள்ளும் நகரத் தெருக்களிலும் இன்று புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன. அவற்றை எவரும் சுடுவதில்லை. உல்லாசப் பயணிகள் படமெடுக்கின்றனர். நாம் எறியும் குப்பையில் சோற்றோடு பொலித்தீன் பையையும் அவை மென்று தின்னுகின்றன. துவக்கே இல்லாத இடத்திலும் மெல்லக் கொல்லும் வழிகள் நமக்கு உண்டு என்பதை அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணுகின்றேன். எண்ணிவிட்டு நானும் வீடு திரும்பிவிடுகின்றேன்.

பெரியையா குறி தவறாதவர் அல்லர். பன்னிரண்டு போர் துவக்கின் உருண்டைகள் 40 யார் தூரத்துக்கு அப்பால் சிதறிவிடும். அருகே வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. ஒரு மாரிகால இரவில் அவ்விதியை அவரே மீறிவிட்டார். மழை மூட்டம், மங்கிய நிலவு, தூரம் பிசகிவிட்டது. பெரிய ஆண்பன்றி. வெடிபட்டு அலறிக்கொண்டு பற்றைக்குள் பாய்ந்தது. விடியும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லையாம். வெளிச்சம் வந்ததும் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார். தடம் வயலைக் கடந்து, வீதியைக் கடந்து, எங்கள் ஊர்ப் பக்கமாகக் களப்போரக் கண்டற்காட்டுக்குள் சென்று, சேற்றில் மறைந்தது. உச்சிவரையும் தேடினார். அன்று பின்னேரமும் தேடினார்.

கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் செய்ததை நான் கூடவே நடந்து பார்த்தேன். சேறு படிந்த வேட்டியோடு வீடு வீடாகச் சென்றார். படலைக்கு வெளியே நின்றுகொண்டு, "பிள்ளை, என்ர வெடி பிசகிப் போச்சு. காயம் பட்ட பன்றி ஒண்டு களப்புப் பக்கம் கிடக்குது. சின்னதுகளை இறாலுக்கு அனுப்பாதையுங்கோ" என்றார். சிலர் தேநீர் குடிக்கச் சொன்னார்கள். ஒருவர், "இந்த வயதில உனக்கேன் துவக்கு?" என்று ஏசினார். பெரியையா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கடைசி வீடு வரை போய்விட்டுத் திரும்பும்போது இருட்டிவிட்டது. மறுநாட் காலை துவக்கையும் ஒரு தோட்டாவையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் கண்டற்காட்டுக்குப் போனார். மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்.